பேய் எங்கே என்று கேட்கிறார்கள்

பொன்னாடை குத்தியது. பின்கழுத்தில், ஜாக்கெட்டுக்கும் கொண்டைக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சூண்டு இடத்தில், ஜரிகை ஒன்று பிரிந்து நின்று குத்து குத்து என்று குத்தியது, எடுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை, கூட்டம் முடியும்முன் எடுத்தால் போர்த்திவிட்டவருக்கு அவமரியாதை, போர்த்திவிட்டவர் கோவிந்தசாமி சார், போடி வாசகர் வட்டத்தின் தலைவர், இரண்டு நாற்காலி தள்ளி மைக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரே பெரிய மனசு பண்ணி ஊர்க்காரப் பெண் எழுதிய நாவலுக்கு விமர்சனக் கூட்டம் போட்டிருக்கிறார், அதனால் தவமணி கழுத்தை ஆட்டாமல் சிலையாட்டம் உட்கார்ந்திருந்தாள். பொன்னாடையை எடுக்கக்கூடாது, வாயையும் திறக்கக்கூடாது. எழுதினவள் மேடையில் உட்காரணும், படித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நல்லது பொல்லாதது அத்தனையும் அவள் முகத்துக்கு எதிரிலேயே சொல்லணும், போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பை மாற்றாமல் அவள் கேட்டுக்கொண்டிருக்கணும், கடைசியில் ஏற்புரை என்று கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், அப்போது எழுந்து உங்கள் கருத்துகளைத் தலைமேல் ஏற்று அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு இறங்கணும். இந்த மேடையில் ஏறின எல்லாரும் அப்படித்தான் இறங்கியிருக்கிறார்கள். திருத்தினார்களா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் இவள் சொன்னால் பார்ப்பார்கள், இவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற பதிப்பாளர் நாகேந்திரன் பார்ப்பார், முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற அண்ணன் சுருளிவேல் பார்ப்பான், அண்ணன் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், வைத்த கண் வாங்காமல். கதையின் முடிவை மாற்றுகிறேன் என்று இவள் இன்றைக்கு இந்த மைக்கில் சொல்லவேண்டும். காலையில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே "பாக்கலாம்ண்ணே" என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள், நம்ம ஊரில் பாக்கலாம் என்றால் பாதிச் சம்மதம், சட்னி நன்றாக வேறு இருந்தது.

"அட்டையில இருட்டு வீடு, ஜன்னல்ல வெள்ளையா ஒரு உருவம், தலைப்பு 'மச்சுவீட்டு மர்மம்'," என்று ஜாஸ்மின் டீச்சர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், "பிள்ளைங்க ஆசையா எடுக்குறாங்க சார். பேய் வரும், பேய் வரும்னு பக்கத்தைப் புரட்டுறாங்க. கடைசியில பாத்தா பேயே இல்ல. இது ஏமாத்து வேலைதானே?" கூட்டம் சிரித்தது, தவமணியும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் தலைக்கனம் என்பார்கள். டீச்சர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், படிக்காமல் வந்தவர்களுக்காக. குயிலி என்று பதிமூன்று வயசுப் பெண் லீவுக்குத் தாத்தா வீட்டுக்கு வருகிறாள், மச்சில் தொம் தொம் என்று சத்தம், கேட்டால் பேய் என்கிறார்கள், அவள் துப்பறிகிறாள், ஒருநாள் பூட்டைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பது அவளுடைய சொந்த அத்தை, புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று சொன்னதற்காக வீட்டாரே பூட்டி வைத்த அத்தை. "இதையெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லணுமா? பெத்தவங்களே பொண்ணைப் பூட்டி வைப்பாங்களா? நம்புற மாதிரி இல்லைங்க." நம்புகிற மாதிரி இல்லையாம். பேய் நம்புகிற மாதிரி இருக்கிறதாம், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காலில்லாமல் வந்தால் நம்புவார்களாம், சோற்றுத்தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் பூட்டுகிற ஒரு குடும்பத்தை நம்பமாட்டார்களாம், அட போங்க டீச்சர். தவமணிக்கு மூக்கில் ஏலக்காய் வாசம் ஏறியது. இந்தக் கூடத்தில் ஏலக்காய் ஏது, வாசலில் டீக்கடை இருக்கிறதே அதுவாக இருக்கலாம், இல்லை, இது பச்சை ஏலக்காய், சாக்கில் கட்டி மச்சில் அடுக்கின ஏலக்காய், தாத்தா ஏலக்காய் வியாபாரி, அதனால் மச்சுக்குப் பூட்டு இருந்தால் ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை, சரக்கு வைக்கிற இடத்தைப் பூட்டத்தானே செய்வார்கள். பலாப்பலகை பாவின மச்சு. கீழே எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது மேலே தொம் என்று கேட்கும், பலகை இடுக்கிலிருந்து தூசி பொலபொலவென்று ரசத்தில் விழும், பிள்ளைகள் தலை எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போகும், தாத்தா "பேய் மிதிக்குது, குனிஞ்சு சாப்பிடுங்க, நிமிந்து பாத்தா கண்ணைக் குத்திப்புடும்" என்பார், நிமிர்ந்த அண்ணன் கண்ணில் நிஜமாகவே தூசி விழும், அவன் ஓவென்று அழுவான், அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயால் ஊதி ஊதி அவன் கண்ணில் ஒற்றி எடுப்பாள். பிள்ளைகளுக்குப் பேய். வெளியாள் வந்திருக்கும்போது கேட்டால் வேறு பதில், "ஏலக்காய் மூட்டை சரியுது" என்பார் தாத்தா, வந்தவரும் ஆமாம் ஆமாம் என்று காப்பியைக் குடிப்பார். ஏலக்காய் மூட்டை! வந்தவர்களும் ஏலக்காய் வியாபாரிகள், பிறந்ததிலிருந்து அந்த மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், அது விழுந்தால் எப்படி விழும் என்று தெரியாதவர்களா, பஞ்சுத் தலையணை மாதிரி பொத்தென்று விழும், தொம்மென்று விழவே விழாது. ஒருத்தராவது, ஏங்க அது மூட்டை இல்லைங்களே என்று கேட்கவில்லை. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது கூடம் நிறைய உட்கார்ந்துகொண்டு பேய் எங்கே பேய் எங்கே என்கிறார்கள்.

நாகேந்திரன் குனிந்து காதோரம் சொன்னார், "மேடம், டீச்சர் சொன்னதைக் குறிச்சுக்குங்க. பள்ளிக்கூடத்து லைப்ரரிக்கெல்லாம் போகணும்னா இவங்க சொல்றதுதான் முக்கியம். கடைசி அத்தியாயம் மட்டும்தான். கதவைத் திறக்கிறா, உள்ளே யாருமே இல்ல, ஜில்லுனு ஒரு காத்து. முடிஞ்சது." தவமணி தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே எரிச்சல். இந்தத் தலையை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ணமுடியாது, யார் எதைச் சொன்னாலும் முதலில் ஆடிவிடும், அதற்கப்புறம்தான் இவள் வருவாள். முன்வரிசையில் அண்ணன் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டான், முகம் தெளிந்துவிட்டது, பாவி, காலையில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மகள் கல்யாணப் பேச்சை எடுத்து எவ்வளவு பதமாகப் பேசினான். "யாழினிக்குப் பேசி முடிக்கப் போறோம் தவம். மாப்பிள்ளை வீட்டுல உன் புக்கைப் படிச்சிட்டாங்க. இது உங்க பூர்வீக வீடாமே, நெசமாவே நடந்துச்சான்னு அந்தம்மா போன்ல கேக்குது. நான் என்ன சொல்ல?" நடந்துச்சுன்னு சொல்லு என்றாள். "எங்க நடந்துச்சு? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. சின்னப் பிள்ளைல நீயா எதையோ நெனச்சுக்கிட்டு எழுதுறே. அத்தை கொஞ்ச நாள் முடியாம மாடியில படுத்திருந்துச்சு, அம்புட்டுத்தான்." கொஞ்ச நாளாம். ஒரு மழைக்காலம் முடிந்து இன்னொரு மழைக்காலம் வந்தது, தவமணி நாலாங்கிளாஸ் முடித்து அஞ்சாங்கிளாஸ் போய்விட்டாள், அது கொஞ்ச நாளாம். அப்புறம் அவன் சொன்னான் பாருங்கள் ஒரு பேச்சு, இன்னொரு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே, "ஒரே ஒரு பேயை வச்சிட்டுப் போயேன்த்தா. உனக்கு என்ன கொறஞ்சிரும்?" அன்றைக்குச் சின்னத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, மூத்தவள் வாழாமல் வந்துவிட்டாள் என்று தெரிந்தால் இளையவளுக்குக் கல்யாணம் ஆகாது என்றுதான் அமிர்தம் அத்தையை மேலே ஏற்றிப் பூட்டினார்கள். இன்றைக்கு யாழினி கல்யாணத்துக்கு அதே அத்தையைத் திரும்பவும் ஏற்றிப் பூட்டணுமாம், பூட்டைத் தவமணியே போடணுமாம், பேனாவால். அதற்குத்தான் "பாக்கலாம்ண்ணே" என்றாள், வெட்கங்கெட்டவள். யாழினி நல்ல பிள்ளை, அவளுக்கு நல்லது நடக்கணும், அந்தப் பிள்ளை போன வாரம் போனில் என்ன சொன்னது, "எனக்காக எதையும் மாத்தாதீங்கத்தை, புக்கைப் படிச்சிட்டு ஓடுற மாப்பிள்ளை ஓடட்டும்" என்றது. அது இருபத்தஞ்சு வயசுப் பேச்சு. கல்யாணம் நின்றுபோனால் அண்ணன் வாசலை இவள் மிதிக்கமுடியுமா, அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரு வாசல்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடி திறக்கமாட்டேன் என்றது, நாகேந்திரன் வாங்கித் திறந்து கொடுத்தார்.

அடுத்துப் பேச ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்திருந்தாள், ஹாஜிரா, ஒன்பதாம் வகுப்பு, மைக் அவளுக்கு உயரம், கோவிந்தசாமி சார் எழுந்து தாழ்த்திவிட்டார். "எனக்கும் முதல்ல டீச்சர் சொன்ன மாதிரிதான் ஏமாத்தமா இருந்துச்சு. நான் பேய்க்கதை நெறைய படிப்பேன். அப்புறம் யோசிச்சேன். குயிலிக்கு முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சிருக்கணும். பேயா இருந்தா பூட்டு எதுக்கு? பேய்தான் சுவரைத் தாண்டி வந்துருமே. பூட்டு போட்டிருக்காங்கன்னா உள்ள இருக்குறது ஆளுதான்." டக்கென்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடி என் தங்கமே, எழுதின எனக்கே இது தோணலையே என்று தவமணிக்குக் கைதட்டத் துடித்தது, மேடையில் இருப்பவள் தட்டலாமா கூடாதா தெரியவில்லை, தட்டிவிட்டாள், கொஞ்சம் சத்தமாகவே. அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள். கதவோரம் யாரோ செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்காருகிறார்கள், நரைத்த தலை, பச்சைச் சேலை. படிக்கிற கண்ணாடிதான் மூக்கில் இருக்கிறது, தூரத்து முகம் எல்லாம் மாவாகத் தெரிகிறது. இருக்காது. அத்தை வரமாட்டாள். "அந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன்டி, நீ என்ன விருது வாங்கினாலும் சரி" என்று மதுரையிலிருந்து போனில் சொன்னாள், இந்த ஊரை விட்டுப்போய் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ பேர் கண்ணுக்கு மருந்து போட்டு ரிடையராகி ஒற்றையாக வாழ்கிறவள். புத்தகம் வந்ததும் முதல் பிரதி அவளுக்குத்தான் அனுப்பினாள் தவமணி. படிப்பாள், அழுவாள், என்னை எழுதிவிட்டாயே தாயி என்பாள் என்று காத்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது. "ஏன்டி, எவ அழுதா?" தவமணிக்கு ஒன்றும் புரியவில்லை. "கடைசியில கதவைத் தொறந்தா அத்தைக்காரி மூலையில உக்காந்து அழுதுட்டு இருந்தான்னு எழுதியிருக்கியே, எவ அழுதா? நீ பாத்தியா? நான் மிதிச்சேன்டி. யாராவது வந்திருக்காங்கன்னு செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு நின்னு குதிகாலால மிதிப்பேன். வேணும்னேதான் மிதிச்சேன். சோத்துல தூசி விழட்டும்னு மிதிச்சேன். பேய்னு சொல்லுங்கடா, பயந்துக்கிட்டே தின்னுங்கடான்னு மிதிச்சேன். அழுது மூலையில கிடந்தவளா நானு?" அதோடு வைத்துவிட்டாள். எத்தனையோ கடிதம் வந்தது, நல்லாயிருக்கு, நல்லாயில்லை, பேய் வேணும், பேய் வேண்டாம், அட்டைப்படம் அருமை, எதுவும் இப்படி உறைக்கவில்லை. பாவம் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதினாள். எழுதும்போது இவளே அழுதாள், அந்த அழுகையைத் தூக்கி அத்தை கண்ணில் வைத்துவிட்டாள்.

அந்தக் கதவை யார் திறந்தது என்று கதையில் குயிலி பேரைப் போட்டிருக்கிறாள். நிஜத்தில் திறந்தது அம்மா. திறந்தாள் என்றும் சொல்லமுடியாது, சோறு வைக்கச் சாவி வாங்கிப் போனவள் பூட்டாமல் வந்துவிட்டாள், சின்னத்தை கல்யாணம் முடிந்த பிறகும் தாத்தா சாவியை இடுப்பிலிருந்து இறக்காததைப் பார்த்தபிறகு ஒருநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக் கண் அசந்த நேரத்தில். அத்தை படியிறங்கி, கூடத்தைத் தாண்டி, தூங்குகிற தாத்தாவைத் தாண்டி, வாசலில் கிடந்த அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள். தாத்தா எழுந்து ஆடாத ஆட்டம் ஆடினார். அம்மா "மறந்துட்டேன் மாமா" என்றாள். சாகிற வரைக்கும் யார் கேட்டாலும் மறந்துட்டேன் என்றாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தவமணி தனியாக இருக்கும்போது கேட்டதற்கும் மறந்துட்டேன்டி என்றாள், ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்படியும் ஒருத்தி இருந்தாள் அந்த வீட்டில். அவளுக்குப் பிறந்தவள் பாக்கலாம்ண்ணே என்கிறாள், தலையாட்டுகிறாள், பொன்னாடை குத்தினால் பொறுத்துக்கொள்கிறாள். கழுத்து எரிந்தது, இரத்தமே வந்திருக்கும். கோவிந்தசாமி சார் மைக்கில் முடித்துக்கொண்டிருந்தார், "இறுதியாக நம் ஊரின் செல்ல மகள் ஏற்புரை வழங்குவார், வாசகர்கள் விருப்பத்தைப் பூர்த்தி செய்யும் ஒரு நல்ல சேதியையும் சொல்வார் என்று பதிப்பாளர் சொல்லியிருக்கிறார்." ஓஹோ, முன்கூட்டியே சொல்லியாகிவிட்டதா. அண்ணன் கைதட்டினான், முதல் ஆளாக. தவமணி எழுந்தாள். எழும்போதே பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டாள், காற்று கழுத்தில் பட்டது, அப்பாடா.

"எல்லாரும் பேய் எங்கேன்னு கேட்டீங்க," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும். "பேய் வைக்கிறதா இல்லைங்க. எத்தனை பதிப்பு வந்தாலும் வைக்கிறதா இல்ல." நாகேந்திரன் நாற்காலி கிறீச்சென்றது. "பெத்தவங்க பூட்டி வைப்பாங்களான்னு டீச்சர் கேட்டாங்க. வச்சாங்க. இந்த ஊர்ல, பெரியகடை வீதியில, எங்க வீட்டு மச்சுல. அமிர்தம்னு எங்க அத்தை. சத்தம் என்னன்னு கேட்டவங்ககிட்ட ஏலக்காய் மூட்டை சரியுதுன்னு எங்க தாத்தா சொன்னாரு. இங்க இருக்குற பாதிப் பேரு ஏலக்காய்க் கடைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க. நீங்களே சொல்லுங்க, ஏலக்காய் மூட்டை சரிஞ்சா தொம்முனு கேக்குமா?" யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கோவிந்தசாமி சார் மேஜைவிரிப்பைப் பார்த்தார், அவருடைய அப்பாவும் அந்தக் காப்பியைக் குடித்தவர்தான். அண்ணன் முகம் இறுகிவிட்டது, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினான், வேண்டாம், வேண்டாம், அப்புறம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிறமாதிரியே சொன்னான், "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. எங்க வீட்டுல ஒரு சத்தமும் கேட்டதில்ல." இதோ போய்விட்டது பிறந்த வீட்டு வாசல், தவமணிக்கு அது நன்றாகத் தெரிந்தது, கண் கலங்கியது, இருந்தாலும் வாய் நிற்கவில்லை. "ஒரே ஒரு திருத்தம் பண்றேன். கடைசிப் பக்கத்துல அத்தை அழுதான்னு தப்பா எழுதிட்டேன். அவங்க அழல. மிதிச்சாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் கேக்கட்டும்னு மிதிச்சாங்க. எப்படின்னா," என்று சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிப் பலகை மேடையில் ஒரு மிதி மிதித்தாள். உள்ளங்கால் பட்டுப் பொத்தென்று கேட்டது, அவ்வளவுதான், மூட்டை சரிந்தமாதிரியே.

"அப்படி இல்லடி."

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அண்ணன் மட்டும் திரும்பவில்லை. பச்சைச் சேலை நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்தது, வெறுங்காலோடு, யாரையும் வழி கேட்காமல், பக்கத்தில் வரவர மாவு கலைந்து முகமாயிற்று, அத்தை, அமிர்தம் அத்தை, இந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்றவள். "குதிகாலால மிதிக்கணும், தவமணி," என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. மேடைப் படியில் இவள் கையைப் பிடித்து ஏறினாள். கோவிந்தசாமி சார் எழுந்து நின்றுவிட்டார். அத்தை மைக்கைக் கண்டுகொள்ளவே இல்லை, சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், கூட்டத்தை ஒருதரம் பார்த்தாள், குதிகாலை ஓங்கிப் பலகையில் இறக்கினாள்.

தொம்.

தவமணி அண்ணனைப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகமில்லை என்றவன், வெள்ளைச் சட்டையும் வாட்சுமாக அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஐம்பது வயசு மனுஷன், சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான். மேலே சிமெண்டுத் தளம், ஒரு ஃபேன், வேறொன்றுமில்லை. தூசி விழப்போகிறது என்று ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.